பிரெய்லி நோட்டேக்கர்: என்ன செய்யும், என்ன விலை, கடன் கொடுக்கலாமா?



மாட்டுக் கடன் கேட்டால் நம் எல்லோருக்கும் புரியும். எத்தனை லிட்டர் கறக்கும், தீவனச் செலவு என்ன, எத்தனை மாதத்தில் கடன் அடையும் என்று கூட்டத்திலேயே கணக்குப் போட்டுவிடுவோம். ஆனால் ஒரு உறுப்பினர் எழுந்து, "கண் தெரியாத என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறா. அவளுக்கு பிரெய்லி நோட்டேக்கர் வாங்க நாற்பதாயிரம் வேணும்" என்று கேட்டால் என்ன செய்வோம்?

உடனே மூன்று கேள்வி வரும். "அது என்ன மெஷினு?" "செல்போன்தான் பேசுதே, அது போதாதா?" "இதெல்லாம் கவர்ன்மென்ட்லயே குடுக்க மாட்டாங்களா?" மூன்றுமே நியாயமான கேள்விகள். பதில் தெரியாததால் கடனை மறுத்துவிட்டால், அந்தப் பிள்ளையின் படிப்பு தடைபடலாம். அதே மாதிரி, "ஐயோ பாவம், கொடுத்திடலாம்" என்று எதையும் விசாரிக்காமல் கொடுத்து, அந்தக் கருவி பீரோவுக்குள் கிடந்தால், தாய் இருபது மாதம் சும்மா தவணை கட்டுவார். இரண்டுமே நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவி யாருக்கும் பிரெய்லி கற்றுத் தராது. பிரெய்லி ஏற்கனவே தெரிந்த ஒருவருக்கு அது புத்தகமாகவும் நோட்டாகவும் பேனாவாகவும் இருக்கும். பிரெய்லி தெரியாதவருக்கு அது வெறும் பெட்டி.

ஆறு புள்ளி எழுத்து

பிரெய்லி என்பது விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்து. இதைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த லூயி பிரெய்லி. 1809-ல் பிறந்தவர். அப்பாவுக்குக் குதிரைச் சேணம் தைக்கிற தொழில். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது கூரிய கருவி கண்ணில் பட்டு, அந்தக் காயத்தால் கொஞ்ச நாளில் இரண்டு கண் பார்வையும் போனது. தனது 15-வது வயதிலேயே இந்த எழுத்து முறையை உருவாக்கினார். அவர் பிறந்த ஜனவரி 4-ஆம் தேதி இன்று உலக பிரெய்லி தினம்.

பல்லாங்குழியில் இரண்டு வரிசைக் குழி இருக்கும் அல்லவா? அதை நிறுத்தி வைத்த மாதிரி, இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக ஆறு புள்ளி. இந்த ஆறு புள்ளி இடத்துக்கு 'செல்' என்று பெயர். எந்தப் புள்ளி மேடாக இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்து எழுத்து மாறும். இப்படி 63 வடிவங்கள் கிடைக்கும்.

தமிழுக்கும் பிரெய்லி உண்டு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1951-ல் 'பாரதி பிரெய்லி' என்ற முறை ஏற்கப்பட்டது. அதனால் தமிழ் 'அ'வுக்கும் ஆங்கில 'ஏ'வுக்கும் ஒரே புள்ளிதான். தமிழ் 'க'வும் ஆங்கில 'கே'யும் ஒரே வடிவம்தான். ஒரு மொழியில் பிரெய்லி படித்த பிள்ளைக்கு அடுத்த மொழி சுலபமாக வரும்.

ஆனால் தமிழில் ஒரு சங்கதி இருக்கிறது. நாம் அச்சில் 'ம்' என்று ஒரே எழுத்தாக எழுதுவதை, பிரெய்லியில் புள்ளிக்கு ஒரு செல், 'ம'வுக்கு ஒரு செல் என்று இரண்டாக எழுத வேண்டும். 'கூ' என்றால் 'க' ஒன்று, 'ஊ' ஒன்று. 'பள்ளிக்கூடம்' என்ற வார்த்தை அச்சில் 7 எழுத்து. பிரெய்லியில் அது 12 செல் பிடிக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது இந்தக் கணக்கு உதவும்.

சிலேட்டில் இருந்து நோட்டேக்கர் வரை

பிரெய்லி எழுத மூன்று வகைச் சாதனம் உண்டு.

முதலாவது, பிரெய்லி சிலேட். ஓட்டை ஓட்டையாக இருக்கும் சட்டத்துக்குள் கெட்டியான தாளை வைத்து, ஸ்டைலஸ் என்ற சின்ன ஊசியால் குத்தி எழுதுவார்கள். தாளைத் திருப்பித்தான் படிக்க வேண்டும் என்பதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். சில நூறு ரூபாயில் கிடைக்கும். கரண்டு வேண்டாம், ரிப்பேர் இல்லை. படிப்பைத் தொடங்கும் பிள்ளைக்கு இதுதான் சரி.

இரண்டாவது, பிரெய்லர். தட்டச்சு மெஷின் மாதிரி இருக்கும். ஆறு புள்ளிக்கு ஆறு கட்டை, இடைவெளிக்கு ஒரு கட்டை. ஒரு எழுத்துக்குத் தேவையான கட்டைகளை ஒன்றாக அழுத்த வேண்டும். அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளி 1951-ல் வெளியிட்ட பெர்கின்ஸ் பிரெய்லர்தான் உலகம் முழுவதும் புகழ் பெற்றது. அதை நம் வேலூர் பக்கத்தில் காட்பாடியில் உள்ள ஒர்த் டிரஸ்ட் நிறுவனத்தில் தயாரித்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை. உறுதியானது. ஆனால் எடை சுமார் 5 கிலோ. வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு போக முடியாது. கட்டையைத் தட்டும் சத்தமும் அதிகம்.

மூன்றாவதுதான் நோட்டேக்கர். கையடக்கமான மின்னணுக் கருவி. தாளே வேண்டாம். 1987-ல் அமெரிக்காவில் டீன் பிளேசி என்பவர் 'பிரெய்ல் அண்ட் ஸ்பீக்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். பிரெய்லி கட்டையில் எழுதினால், எழுதியதைக் குரலில் படித்துக் காட்டும். தொட்டுப் படிக்க அதில் வசதி இல்லை. பிறகு வந்த நோட்டேக்கர்களில் தொட்டுப் படிக்கிற வரியும் சேர்ந்துகொண்டது.

இந்தக் கருவியில் என்னென்ன இருக்கும்?

பெரும்பாலான நோட்டேக்கர்களில் இருப்பவை இவை:

1. எழுதும் கட்டைகள். பிரெய்லரில் இருக்கும் அதே ஆறு கட்டையும் இடைவெளிக் கட்டையும். சிலேட்டில் படித்தவர் சில நாள் பழகினால் போதும்.

2. மாறும் பிரெய்லி வரி. கருவியின் முன்பக்கம் ஒரே ஒரு வரி இருக்கும். அதில் சின்னச் சின்ன ஊசி முனைகள் மேலே எழும்பும், கீழே இறங்கும். அந்த வரியை விரலால் படித்து முடித்து ஒரு பட்டனை அழுத்தினால், பழைய புள்ளிகள் இறங்கி, அடுத்த வரி எழும்பும். இப்படியே ஒரு புத்தகம் முழுவதையும் ஒரே வரியில் படித்து முடிக்கலாம். 18, 20, 32, 40 செல் என்று பல அளவில் இந்த வரி வரும். கணினி எழுத்துக்காக ஒரு செல்லுக்கு ஆறுக்குப் பதில் எட்டு புள்ளி வைத்திருப்பார்கள்.

3. சேமிக்கும் இடம். போனில் போடுகிற மாதிரி மெமரி கார்டு அல்லது உள்ளேயே நினைவகம். அச்சில் ஒரு பாடநூல் பிரெய்லித் தாளில் பல தடித்த தொகுதிகளாக ஆகிவிடும். அலமாரியே நிறைந்துவிடும். கார்டில் போட்டால் ஒரு வகுப்பின் எல்லாப் பாடநூலும் விரல் நகம் அளவு இடத்தில் அடங்கிவிடும்.

4. திருத்தும் வசதி. தாளில் குத்திய புள்ளியைச் சரியாக அழிக்க முடியாது. இதில் தவறான இடத்துக்கு மேலே இருக்கும் சின்ன பட்டனை அழுத்தி, அழித்து, திரும்ப எழுதலாம். கட்டுரை, கடிதம், விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

5. போனோடும் கணினியோடும் இணைப்பு. புளூடூத் அல்லது யு.எஸ்.பி. வயர் மூலம் இணைத்தால், போனில் வந்த செய்தியை விரலால் படிக்கலாம். பதிலையும் கருவியிலேயே அடிக்கலாம்.

6. விலை கூடிய மாடல்களில் குரல், இணையம், ஈமெயில், கால்குலேட்டர், நாள்காட்டி எல்லாம் உண்டு. குறைந்த விலை மாடல்களில் எழுதுவது, படிப்பது, சேமிப்பது, போனோடு இணைப்பது என்பதோடு நின்றுவிடும்.

ஏன் இவ்வளவு விலை?

"ஒரு சின்ன பெட்டிக்கு இவ்வளவு காசா?" என்று தோன்றும். விலையின் பெரும்பகுதி அந்த மாறும் பிரெய்லி வரியில்தான் இருக்கிறது.

கேஸ் அடுப்பு பற்றவைக்கிற லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறது அல்லவா? அதற்குள் ஒரு வகை மின்கல் இருக்கிறது. அழுத்தினால் அது மின்சாரம் தரும். இதைத் திருப்பிப் போட்டதுதான் பிரெய்லி வரி. அதே ரகப் பொருளால் செய்த மெல்லிய பட்டைக்கு மின்சாரம் கொடுத்தால் அது வளையும். வளையும்போது மேலே இருக்கும் ஊசியைத் தூக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிப் பட்டை வேண்டும். 32 செல், செல்லுக்கு எட்டுப் புள்ளி என்றால் 256 ஊசி, 256 பட்டை. எல்லாம் ஒரே உயரத்துக்கு எழும்ப வேண்டும். விரல் அழுத்தினால் தாழக் கூடாது. ஒன்று மக்கர் செய்தாலும் 'க' வேறு எழுத்தாகிவிடும்.

செல் எண்ணிக்கைக்கும் விலைக்கும் உள்ள உறவுக்கு ஒரு உதாரணம். கனடா நாட்டு ஹியூமன்வேர் நிறுவனம் 2016-ல் 'பிரெய்ல்நோட் டச்' என்ற நோட்டேக்கரை இரண்டு அளவில் வெளியிட்டது. அமெரிக்காவில் 18 செல் மாடல் 3,995 டாலர். 32 செல் மாடல் 5,495 டாலர். கூடுதலான 14 செல்லுக்கு மட்டும் 1,500 டாலர். அதாவது ஒரு செல்லுக்கு நூறு டாலருக்கு மேல். ஒரு டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு செல் சுமார் 9,600 ரூபாய்!

இன்னொரு காரணமும் உண்டு. செல்போன் கோடிக்கணக்கில் விற்கிறது, அதனால் விலை இறங்குகிறது. பிரெய்லி கருவி வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். செய்கிற எண்ணிக்கை குறைவு என்பதால் ஒவ்வொன்றின் அடக்க விலையும் கூடுகிறது.

விலை எப்படி இறங்கியது?

இது நம் குழுப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா முதலிய பல நாடுகளின் பார்வையற்றோர் அமைப்புகள் ஒன்று சேர்ந்தன. "தனித்தனியா கேட்டா யாரும் விலையைக் குறைக்க மாட்டாங்க. நாமே பணம் போடுவோம், மொத்தமா வாங்குவோம்" என்று முடிவு செய்தன. நாம் சேர்ந்து மொத்தமாக உரம் வாங்குவது போலத்தான். 'டிரான்ஸ்ஃபார்மிங் பிரெய்லி குரூப்' என்று அந்தக் கூட்டணிக்குப் பெயர். புதிய முறையில் ஊசியைத் தூக்கும் கருவியை உருவாக்க அவர்கள் முதலீடு செய்ததால் வந்ததுதான் 'ஆர்பிட் ரீடர் 20'. 20 செல், எடை சுமார் 450 கிராம். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது விலை 449 டாலர். குரல் கிடையாது. படிக்க, எழுத, மெமரி கார்டில் சேமிக்க, போனோடு இணைக்க மட்டும்.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. மும்பையைச் சேர்ந்த இன்னோவிஷன் நிறுவனம் காந்த விசையால் புள்ளி எழும்பும் 'பிரெய்லிமீ' என்ற 20 செல் கருவியை உருவாக்கியது. அது அமெரிக்காவில் 515 டாலருக்கு விற்பனைக்குப் போனது. டெல்லி ஐ.ஐ.டி.யும் நம் சென்னையைச் சேர்ந்த பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனமும் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய 'டாட்புக்' 2019 ஜனவரியில் வெளியிடப்பட்டது. பிரெய்லிக் கட்டைகளோடு 20 செல் மாடல், கணினிக் கட்டைகளோடு 40 செல் மாடல் என்று இரண்டு. வெளியானபோது சொல்லப்பட்ட விலை முறையே 40,000 ரூபாய், 60,000 ரூபாய்.

டாலருக்கு 90 ரூபாய் என்ற அதே கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாமே வெளியான காலத்து விலைதான்:

• பிரெய்ல்நோட் டச், 32 செல் – சுமார் 4 லட்சத்து 94 ஆயிரம்
• பிரெய்ல்நோட் டச், 18 செல் – சுமார் 3 லட்சத்து 59 ஆயிரம்
• டாட்புக், 40 செல் – 60 ஆயிரம்
• பிரெய்லிமீ, 20 செல் – சுமார் 46 ஆயிரம்
• ஆர்பிட் ரீடர், 20 செல் – சுமார் 40 ஆயிரம்
• டாட்புக், 20 செல் – 40 ஆயிரம்

விலை மாறிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுக் கருவிக்கு வரியும் அனுப்பும் செலவும் சேரும். அதனால் வாங்கும் அன்றைய விலையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. லட்சக்கணக்கான ரூபாய் இல்லை என்றால் இந்த வசதியே கிடையாது என்ற காலம் போய்விட்டது.

20 செல் போதுமா என்றால், அப்போது சொன்ன 'பள்ளிக்கூடம்' கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தைக்கே 12 செல் போய்விடும். மீதி 8 செல்லில் இடைவெளி விட்டு இன்னொரு சின்ன வார்த்தைதான் வரும். ஆகவே தமிழ் படிக்கும்போது அடிக்கடி பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் சிரமம்தான். ஆனால் பாடம் படிக்கவும் குறிப்பு எழுதவும் அது தடையில்லை. நீண்ட நேரம் வேகமாகப் படிக்க வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு 32 அல்லது 40 செல் வசதியாக இருக்கும்.

செல்போன் போதாதா?

பல வேலைக்குப் போதும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்ற வசதி இலவசமாகவே இருக்கிறது. அதை இயக்கினால் திரையில் உள்ளதைத் தமிழிலும் படித்துச் சொல்லும். 2020 முதல் அதில் பிரெய்லி விசைப்பலகையும் வந்திருக்கிறது. கண்ணாடித் திரையிலேயே ஆறு விரலால் பிரெய்லி முறையில் அடிக்கலாம். கணினிக்கு 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச மென்பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தொடங்கியது அது. போன் பேச, பணம் அனுப்ப, செய்தி கேட்க, வழி கேட்க இவை போதும். இந்த வேலைகளுக்காக நாற்பதாயிரம் செலவு செய்ய வேண்டாம்.

ஆனால் கேட்பது வேறு, படிப்பது வேறு. "கரை" என்று போன் சொன்னால் அது ஆற்றங்கரையா, துணியில் பட்ட கறையா? "பள்ளி" என்றதா, "பல்லி" என்றதா? மரத்தின் 'ர' எது, மறதியின் 'ற' எது? கண் தெரிந்த பிள்ளை ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்து எழுத்தைக் கற்றுக்கொள்கிறது. காதால் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பேசச் சொன்னால் நன்றாகப் பேசும். எழுதச் சொன்னால் தடுமாறும். விரலால் படித்த பிள்ளைக்குத்தான் எழுத்துப் பிழை இல்லாத தமிழ் கைவரும். கணக்கும் அப்படித்தான். நீளமான சமன்பாட்டைக் காதால் கேட்டு மனதில் வைத்துப் போடுவது யாராலும் கஷ்டம். தொட்டுத் தொட்டுப் பார்த்தால் புரியும்.

வகுப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனைக் கேட்க முடியுமா? நோட்டேக்கர் இருந்தால் காது ஆசிரியரிடமும் விரல் கருவியிலும் இருக்கும்.

கண்ணும் தெரியாமல் காதும் கேட்காதவர்களுக்கோ குரல் வசதி எதுவும் பயன்படாது. அவர்களுக்கு உலகத்தோடு பேச உள்ள முக்கியமான வழிகளில் ஒன்று விரல் வழிப் பிரெய்லிதான்.

யாருக்கு எது?

• ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை: சிலேட்டும் ஸ்டைலஸும். பள்ளியில் பிரெய்லர் இருந்தால் அதில் பயிற்சி. நோட்டேக்கருக்கு அவசரம் இல்லை.

• பிரெய்லி நன்றாகப் படிக்கத் தெரிந்த உயர்நிலை, மேல்நிலை, கல்லூரி மாணவர்: 20 செல் நோட்டேக்கர் நல்ல பலன் தரும்.

• பெரிய வயதில் பார்வை இழந்தவர்: முதலில் பேசும் போன். பிறகு விருப்பம் இருந்தால் பிரெய்லி பயிற்சி. பயிற்சி முடித்த பிறகுதான் கருவி பற்றி யோசிக்க வேண்டும்.

• ஓரளவு பார்வை இருந்து பெரிய எழுத்தைப் படிக்க முடிகிறவர்: எழுத்தைப் பெரிதாக்கும் கருவியே போதுமா என்று கண் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

முதலில் அரசு உதவி, பிறகு கடன்

கடன் எடுப்பதற்கு முன்பு இலவசமாகக் கிடைப்பதைக் கேட்டுப் பார்ப்பது நம் பழக்கம். இதிலும் அப்படியே செய்யுங்கள்.

40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்ற மருத்துவச் சான்றும், தனித்துவ அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது. அடுத்து, கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். பார்வையற்றோருக்கு பிரெய்லி கைக்கடிகாரம், உரிய செயலிகளோடு கூடிய திறன்பேசி போன்றவற்றைத் தமிழக அரசுத் திட்டங்களில் வழங்கியிருக்கிறார்கள். மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதல் உதவி உபகரணங்களுக்காக இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு உண்டு. பள்ளி மாணவர் என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரையும் பாருங்கள். விண்ணப்பத்தை வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுதிக் கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்கி வாருங்கள். ஒரு உறுப்பினர் தனியாகப் போவதைவிட ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் கூடப் போனால் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். புரோக்கர் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கருவி வந்தால் அதில் போட்டுப் படிக்கப் புத்தகமும் வேண்டும் அல்லவா? அதற்கு 2016-ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் உண்டு. அச்சுப் புத்தகம் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகலாம்.

எங்கும் கிடைக்கவில்லை, படிப்புக்குக் கட்டாயம் தேவை என்றால், உள்கடன் கணக்கு இப்படி வரும். 40,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 20 மாதத் தவணை, குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்று வைப்போம். மாதம் அசல் 2,000. முதல் மாத வட்டி 400, ஆகக் கட்ட வேண்டியது 2,400. அடுத்த மாதம் 2,380. கடைசி மாதம் 2,020. மொத்த வட்டி 4,200. இதே கடனை வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கினால், அசல் குறைந்துகொண்டே வந்தாலும் 12,600 ரூபாய் வட்டி ஆகும். அந்த வித்தியாசம் 8,400 ரூபாயைப் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொதுவில் ஒரு கருவி

அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகத்தின் கீழ் இயங்கும் தேசிய நூலக சேவை, தகுதியுள்ள வாசகர்களுக்கு 20 செல் பிரெய்லி கருவியை இரவலாக இலவசமாகக் கொடுக்கிறது. புத்தகம் இரவல் கொடுப்பது போல. நம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் இப்படி யோசிக்கலாம். விசேஷத்துக்குப் பாத்திரமும் நாற்காலியும் பொதுவில் வாங்கி வாடகைக்கு விடுகிற கூட்டமைப்புகள் இருக்கின்றனவே! நம் வட்டாரத்தில் பிரெய்லி தெரிந்த மாணவர் இரண்டு மூன்று பேர் இருந்தால், நன்கொடையாளர் உதவியோடு ஒரு கருவி வாங்கி, முறை வைத்துப் பழகக் கொடுக்கலாம். அதில் நன்றாகப் பழகியவருக்குச் சொந்தக் கருவி வாங்கக் கடன் தரலாம். பீரோவில் தூங்கும் கருவிக்குத் தவணை கட்டும் நிலை வராது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. பிள்ளை இப்போது பிரெய்லித் தாளில் ஒரு பக்கத்தைத் தானாகப் படிக்கிறதா? ஆசிரியர் என்ன சொல்கிறார்?
2. எத்தனை செல்? குரல் உண்டா, இல்லையா?
3. தமிழ்க் கோப்பைப் போட்டால் தமிழ் பிரெய்லியாகச் சரியாக வருகிறதா? வாங்குமுன் நம் கண் முன்னே ஒரு தமிழ்ப் பாடத்தைப் போட்டுப் பிள்ளையையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.
4. நம்மிடம் உள்ள போனோடு இணைகிறதா?
5. ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம்? பேட்டரி போனால் தனியாக மாற்ற முடியுமா?
6. உத்தரவாதம் எத்தனை மாதம்? ரிப்பேருக்கு எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், எத்தனை நாள் ஆகும், அனுப்பும் செலவு யாருடையது?
7. பழக்கிக் கொடுக்க ஆள் வருவாரா?
8. பில் யார் பெயரில்? குழுக் கடன் என்றால் பில் நகல் கோப்பில் இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். எண்ணெய், வியர்வை, தூசி மூன்றும் ஊசி முனைகளுக்கு எதிரி. உபயோகிக்காத நேரத்தில் உறைக்குள் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் புள்ளிகளை நகத்தால் நோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். பிறகு இரண்டு விஷயம் பேசுங்கள். நம் ஊரில் பார்வையற்ற பிள்ளைகள், பெரியவர்கள் யார் யார்? அவர்களில் யாருக்குச் சான்றும் அடையாள அட்டையும் இன்னும் இல்லை? அந்தப் பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பள்ளிக்கே போகாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு முதல் தேவை நாற்பதாயிரம் ரூபாய்க் கருவி அல்ல. சில நூறு ரூபாய் சிலேட்டும், பிரெய்லி சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியரும்தான். அங்கிருந்து தொடங்குவோம்.